ஆறாவது சுருள்

மே 5, திங்கள்

காலை 5.45-க்கு எழுந்தேன். தோட்டத்தில் சிறு வேலை. 6.30-க்கு மெயின் கேட்டில் ஆஜர்.

இது மில்லில் கொடுத்த டைரி. நான் பால்வண்ணம், ஸ்பின்னிங் மில்லில் செக்யூரிட்டி சூப்பர்வைசர், இருபத்தாறு வருஷ சர்வீஸ். டைரி எழுதுகிற வழக்கம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. புதிதாக வந்திருக்கும் சேஃப்டி ஆபீசர் ஜெபக்கனி மேடம், தீயணைப்புக் குழுவில் இருக்கிற எல்லோரும் தினமும் எழுத வேண்டும், அவ்வப்போது வாங்கிப் படிப்பேன் என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். என் மகளைவிட ரெண்டு வயது சின்னவர்கள். என்ன செய்ய?

"எதை எழுதணும் மேடம்?" என்று கேட்டேன்.

"எந்திரிச்சதுல இருந்து எழுதுங்க அண்ணாச்சி. எதையும் மறைக்காம எழுதுங்க, அது போதும்."

மறைக்க என்ன இருக்கிறது? என்னிடம் ஒளிவுமறைவே கிடையாது, மில்லில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம்.

இந்த மாதம் 23-ஆம் தேதி மாவட்டத் தீயணைப்பு அலுவலகத்திலிருந்து இன்ஸ்பெக்‌ஷன். எனக்கு ஜூனோடு ஐம்பத்தெட்டு முடிகிறது. ரெண்டு வருஷம் எக்ஸ்டென்ஷன் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேனேஜர் சந்தானகோபால் சார், "இன்ஸ்பெக்‌ஷன் நல்லபடியா முடியட்டும், பாப்போம்" என்றிருக்கிறார். எக்ஸ்டென்ஷன் இல்லையென்றால் குவார்ட்டர்ஸ் போய்விடும். குவார்ட்டர்ஸ் போனால் பின்னாலிருக்கும் தோட்டமும் போய்விடும். அப்புறம் என் வீட்டுக்காரி வடிவுக்கு யார் பதில் சொல்வது?

தீயணைப்புச் சாமான்களைச் சரிபார்த்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன். ஹோஸ்: சரி.

மே 6, செவ்வாய்

5.45-க்கு எழுந்தேன். தோட்டம். டியூட்டி.

மாலை முதல் வகுப்பு. குழுவில் பதினோரு பேர். நாங்கள் இத்தனை வருஷமும் எல்லாவற்றையும் "பைப்பு" என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். மேடம் மூன்றைத் தரையில் போட்டுக் காட்டினார்கள். கான்வாஸ் ஹோஸ் தண்ணீர் ஏறியதும் மேலெல்லாம் கசியுமாம், அதனால் சீக்கிரம் தீப்பிடிக்காதாம். உள்ளே ரப்பர் பூசிய ஹோஸ் கசியாது, தண்ணீர் வேகமாகப் போகும், நம் மில்லில் இருப்பது அதுதான். மூன்றாவது, உள்ளே கம்பி சுற்றிய உறிஞ்சு ஹோஸ். தொட்டியிலிருந்து பம்ப் தண்ணீரை இழுக்கும்போது சப்பிப் போகாமல் இருக்க அந்தக் கம்பி.

"ஒவ்வொரு ஹோஸுக்கும் ஒரு முனை ஆண் கப்ளிங், ஒரு முனை பெண் கப்ளிங்" என்றதும் பின்னால் சிரிப்பு. மேடம் சட்டை செய்யவில்லை. "சேக்கும்போது 'டக்'னு ஒரு சத்தம் கேக்கணும். கேக்கலன்னா சேரலன்னு அர்த்தம். விரிக்கும்போது ஆண் முனை எப்பவும் தண்ணி பக்கம். பெண் முனை எப்பவும் நெருப்பு பக்கம். மறக்கக் கூடாது."

ஸ்பின்னிங்கில் வேலை பார்க்கிற தங்கபுஷ்பம் எழுந்து, "இதுல மறக்க என்ன மேடம் இருக்கு? எங்க வீட்டுலயும் அப்பிடித்தான். அவுக தண்ணி பக்கம், நான் அடுப்பு பக்கம்" என்றாள். வகுப்பு அதோடு கலைந்தது.

கலைவதற்கு முன் மேடம் ஒரு கணக்குப் போட்டார்கள். கேட்டில் இருக்கிற ஹைட்ரன்ட், அதாவது ஹோஸ் மாட்டுகிற தீயணைப்புக் குழாயிலிருந்து பஞ்சு கோடவுனின் கடைசி மூலை எண்பத்தைந்து மீட்டர். ஒரு ஹோஸ் பதினைந்து மீட்டர். ஆக ஆறு ஹோஸ் வேண்டும். "ரிஜிஸ்டர்ல ஆறு இருக்குல்லா அண்ணாச்சி?"

"இருக்கு மேடம்." ரிஜிஸ்டரில் ஆறு இருப்பது உண்மை.

மே 7, புதன்

5.45-க்கு எழுந்தேன்.

எலக்ட்ரீஷியன் முப்புடாதி கேட்டுக்கு வந்து புலம்பினான். தீயணைப்பு லைனில் எப்போதும் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்க வேண்டும். கொஞ்சம் இறங்கினாலும் ஜாக்கி பம்ப் என்று ஒன்று தானாக ஓடி ஏற்றிவிடும். அந்த ஜாக்கி பம்ப் தினமும் சரியாகக் காலை 5.50-க்கு ஓடுகிறதை இப்போதுதான் கவனித்தானாம்.

"ஆரும் தொடாம ஓடுது அண்ணாச்சி. பத்து நிமிசம் ஓடி, தன்னால நிக்குது. எனக்கு என்னமோ முனி நடமாட்டம் மாதிரி தெரியுது."

"ஏலே, முனி மணி பாத்தாலே வரும்? லைன்ல எங்கியாவது லீக் இருக்கும், போய்ப் பாரு" என்றேன். இப்படிச் சொல்லியிருக்கத் தேவையில்லை என்று பிற்பாடு தோன்றியது.

மே 8, வியாழன்

5.45. சுரைக்காய் மூன்று பறித்தோம். ஒன்றை மேடத்துக்குக் கொடுத்தேன். "இந்த அக்கினி நட்சத்திரத்துல எப்பிடி அண்ணாச்சி இப்பிடிக் காய்க்கி? குவார்ட்டர்ஸ் குழாயில பத்து நிமிசம்தான தண்ணி வருது?" என்று கேட்டார்கள். வடிவின் கைராசி என்றேன்.

மே 9, வெள்ளி

ரெண்டு ஹோஸ் மட்டும் சேர்த்து முதல் ட்ரில். நுனியில் மாட்டுகிற பித்தளைக் குழலுக்குப் பேர் பிராஞ்ச். மேடம், "பிராஞ்சை ரெண்டு பேர் புடிக்கணும்" என்றார்கள். நான், "இருபத்தாறு வருஷ சர்வீஸ் மேடம்" என்று சொல்லித் தனியாகப் பிடித்தேன். அங்கே ஹைட்ரன்ட்டில் நின்ற புஷ்பம், வீட்டுக் குழாயைத் திறப்பது போல ஒரே சுற்றாகத் திறந்துவிட்டாள்.

அதற்கு அப்புறம் நடந்ததை நான் பார்க்கவில்லை. நான் சைக்கிள் ஸ்டாண்டில் ரெண்டு சைக்கிளுக்கு நடுவே இருந்தேன். பிராஞ்ச் மட்டும் தனியாகத் தரையில் துள்ளிக்கொண்டு மில் முழுவதையும் குளிப்பாட்டியதாகச் சொன்னார்கள்.

"வால்வை மெதுவாத் தொறக்கணும். பிராஞ்ச் புடிக்கிற ஆளு 'தண்ணி'ன்னு சத்தம் குடுத்த பெறகுதான் தொறக்கணும்" என்றார்கள் மேடம். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். முதலிலேயே சொன்னதாக எல்லோரும் சொல்கிறார்கள்.

ஹோஸைச் சுருட்டவும் கற்றுக்கொண்டோம். நடுவில் மடித்து, மடிப்பிலிருந்து சுருட்ட வேண்டும், தரையில் தரதரவென்று இழுக்கக் கூடாது, வண்டி ஏறக் கூடாது, நனைந்ததை வெயிலில் போடாமல் நிழலில் தொங்கவிட வேண்டும், ஈரத்தோடு மண்ணில் கிடந்தால் உளுத்துவிடும். இந்தக் கடைசி விஷயம் எனக்குத் தெரியாது. ராத்திரி சோறு இறங்கவில்லை.

மே 10, சனி

போர்டில் மேடம் எழுதிப் போட்டிருந்தது: "4.00 ட்ரில். 4.45 மேக்கப்."

நாலு மணிக்குப் பெண்கள் ஏழு பேரும் பட்டுச்சேலையில், தலை நிறையப் பிச்சிப்பூவோடு வந்து நின்றார்கள். புஷ்பம் தங்கச்சியின் லிப்ஸ்டிக்கைக் கொண்டுவந்து வரிசையில் எல்லோருக்கும் தீற்றிக்கொண்டிருந்தாள். போட்டோ எடுத்துப் பேப்பரில் போடப்போகிறார்கள் என்று பேச்சு. மேனேஜர் சாரே புதுச் சட்டையில் வந்துவிட்டார். நான் லேசாகத்தான் பவுடர் போட்டிருந்தேன்.

மேடம் எங்களை மேலும் கீழும் பார்த்தார்கள். தீயணைப்புப் பாஷையில் "மேக்கப்" என்றால் வேலை முடிந்து ஹோஸைக் கழற்றிச் சுருட்டி எடுத்து வைப்பதாம். "இது இங்கிலீஷ்காரன் வச்ச பேரு, எம்மேல கோவப்படாதீங்க" என்றார்கள். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எல்லோரும் ஹோஸ் சுருட்டினார்கள். மேனேஜர் சார் அப்போதுதான் வந்தவர் போலத் திரும்பிப் போனார்.

மே 12, திங்கள்

5.45-க்கு எழுந்தேன். 5.50-க்கு ஜாக்கி பம்ப் ஓடியதாம்.

லீக்கைக் கண்டுபிடிக்க லைன் நெடுகத் தோண்டச் சொல்லி மேனேஜர் சார் உத்தரவு. மேற்பார்வை நான். நாலு ஆட்கள் நாள் முழுக்கத் தோண்டினார்கள். லீக் இல்லை. இருக்காது என்று எனக்குத் தோன்றியது, ஆனால் நான் என்ன இன்ஜினியரா?

மேடம் ஹோஸ் பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, "அஞ்சுதான் இருக்கு அண்ணாச்சி" என்றார்கள்.

"ஆறாவதக் காயப் போட்டிருக்கு மேடம்."

"நனையாத ஹோஸ எதுக்குக் காயப் போட்டிய?"

"முன்னெச்சரிக்கையா."

மேடம் என்னையே பார்த்தார்கள். பிறகு, "சரி, காயட்டும்" என்று சொல்லிப் போனார்கள்.

மே 14, புதன்

மேனேஜர் சார் போனில் பேசிக்கொண்டே வந்து பள்ளத்தில் விழுந்தார். இடுப்புவரைதான். ஆனால் போனில் முதலாளி. விழுந்ததும் சார் சொன்ன வார்த்தை முதலாளிக்குத் தெளிவாகக் கேட்டதாம்.

மே 15, வியாழன்

5.30-க்கே எழுந்தேன். ஒரு பொருளை அதற்குரிய இடத்தில் கொண்டுபோய் வைக்க முயன்றேன். அதன்மேல் பூசணிக்கொடி படர்ந்துவிட்டது. வடிவு வாசலில் நின்றாள்.

"கொடியத் தொட்டிய, அப்புறம் நான் மனுசியா இருக்க மாட்டேன். பிஞ்சு புடிக்கிற நேரம்."

"ஏட்டி, எனக்கு உத்தியோகமே போயிரும்."

"எத்தன வருசமா அது இங்க கெடக்கு, இப்பதான் போவுதாக்கும்?"

ஒன்றரை வருஷம்தான். இந்த வரியை அப்புறம் அடித்துவிட வேண்டும்.

மே 17, சனி

மேடம் டைரியை வாங்கிப் படித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 15-ஆம் தேதி வரியை அடிக்க மறந்தே போனேன்! அவசரமாகப் புரட்டினேன். ஒரு வார்த்தை எழுதவில்லை. ஆனால் "5.45" என்று எழுதியிருந்த இடத்திலெல்லாம் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறார்கள். அதிகாலையில் எழுகிற பழக்கத்தை மெச்சியிருக்கிறார்கள் போல.

மே 19, திங்கள்

மேடம் கேட்டுக்கு வந்தார்கள். "நாளக்கழிச்சுப் புதன்கிழமை முழு நீளத்துக்கு ட்ரில் அண்ணாச்சி. ஆறும் வேணும். ரிஜிஸ்டர்ல இருக்கது ஏட்டுச் சுரைக்கா. கறிக்கு ஒதவாது."

ஏன் குறிப்பாகச் சுரைக்காய்? பழமொழி அப்படி என்பதால் இருக்கலாம். இருந்தாலும் எனக்குக் காது சுட்டது.

மே 20, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

பிற்பகல் மூன்றரை. கழிவுப் பஞ்சு ஏற்ற வந்த டிராக்டரின் சைலன்சரிலிருந்து ஒரு பொறி. கோடவுனின் கடைசி மூலையில் வெளியே குவித்திருந்த கழிவுப் பஞ்சு பற்றிக்கொண்டது. பஞ்சில் தீ ஓடுகிற வேகத்தை நான் முதன்முறையாகப் பார்க்கிறேன். குவியலுக்கும் கோடவுன் சுவருக்கும் நடுவே ரெண்டு ஆள் இடைவெளி. உள்ளே ஒரு வருஷத்துப் பஞ்சு. அது போனால் முந்நூறு பேருக்கு வேலை போய்விடும்.

மேடம் முதலில், "முப்புடாதி, கோடவுன் மெயின அணைங்க!" என்று கத்தினார்கள். கரண்ட் இருக்கிற இடத்தில் தண்ணீர் அடித்தால் அடிக்கிறவன்தான் போவான். அவன் அணைத்துவிட்டுக் கையைத் தூக்கினான். நாங்கள் ஐந்து ஹோஸை விரித்தோம். டக், டக், டக், டக், டக். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆண் முனை தண்ணீர் பக்கம், பெண் முனை நெருப்பு பக்கம். பிராஞ்சில் நானும் புஷ்பமும். "தண்ணி!" என்று நான் சத்தம் கொடுத்தேன். மெதுவாகத்தான் திறந்தார்கள். தண்ணீர் சீறிக்கொண்டு போய், குவியலுக்குப் பத்தடி முன்னால் தரையில் விழுந்தது.

"இன்னும் ஒண்ணு வேணும்! ஆறாவது எங்க?" புஷ்பம் என்னைப் பார்த்துக் கத்தினாள். டவுனிலிருந்து தீயணைப்பு வண்டி வர இன்னும் அரைமணி நேரமாவது ஆகும்.

அந்தப் பதினைந்து மீட்டர் எங்கே கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். உடனே ஓடினேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உடனே ஓடவில்லை. ரெண்டு மூச்சு நேரம் நின்றேன். மேனேஜர் சார், எக்ஸ்டென்ஷன், இருபத்தாறு வருஷம், எல்லாம் கண்ணில் வந்தது. அந்த ரெண்டு மூச்சுக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. பிறகு பிராஞ்சைப் புஷ்பத்திடமும் முப்புடாதியிடமும் கொடுத்துவிட்டு ஓடினேன்.

வடிவு புகையைப் பார்த்து வாசலுக்கே வந்திருந்தாள்.

"ஹோஸு வேணும் வடிவு!"

"எந்த ஹோஸு? நம்ம ஹோஸா?"

"நம்ம ஹோஸுதாம்ட்டி!"

அவள் புகையைப் பார்த்தாள். கொடியைப் பார்த்தாள். உள்ளே போய் அரிவாளோடு வந்தாள். "தள்ளுங்க. நீங்க அறுத்தா வேரோட அறுப்பிய" என்று அவளே கொடியை வெட்டினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் "ஐயோ எம்பிஞ்சு, ஐயோ எம்பிஞ்சு" என்றாள். இலையும் மஞ்சள் பூவும் பின்னிக் கிடந்ததைப் பிரிக்க நேரமில்லை. ஆளுக்கு ஒரு முனையாகத் தோளில் போட்டுக்கொண்டு, மில்லின் நடு ரோட்டில் எல்லோரும் பார்க்க ஓடினோம். கப்ளிங் பக்கத்தில் ஒரு பூசணிப்பிஞ்சு தொங்கிக்கொண்டே வந்தது.

தண்ணீரை நிறுத்தி, ஐந்தாவதுக்கும் பிராஞ்சுக்கும் நடுவே ஆறாவதைச் சேர்த்தோம். டக். "தண்ணி!"

முதலில் சேறு வந்தது. பிறகு ஒரு இருமல் சத்தம். பிறகு ஒரு தவளை. அது நேரே போய், "என்னவே நடக்கு இங்க?" என்று பக்கவாட்டிலிருந்து ஓடி வந்த மேனேஜர் சாரின் மார்பில் ஒட்டிக்கொண்டது. சார் போட்ட அலறலில் டிராக்டர் டிரைவர் பயந்து ஓடினான். அதற்குப் பிறகுதான் தண்ணீர். நல்ல தண்ணீர்! நேரே குவியலின் நெற்றியில் போய் விழுந்தது. நடுவில் உளுத்த இடத்தில் ஊசி மாதிரி ஒரு கசிவு. வடிவு முந்தானையைச் சுற்றி அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இருபது நிமிஷம். சுவர் கறுத்ததோடு சரி. கோடவுன் தப்பியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

மேடம், "தண்ணி நிறுத்து! மேக்கப்!" என்று கத்தினார்கள்.

கண்ணும் பல்லும் தவிர மற்றதெல்லாம் கரியாக நின்ற புஷ்பம் சொன்னாள்: "ஏற்கெனவே போட்டாச்சு மேடம்."

மே 21, புதன்

5.45-க்கு எழுந்தேன். தோட்டத்துக்குப் போகவில்லை. ஜாக்கி பம்ப் ஓடவில்லையாம். முப்புடாதி வந்து என்னை ஒரு மாதிரி பார்த்தான். "முனி நீரா வே?" என்றான்.

மேனேஜர் சாரிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். குவார்ட்டர்ஸ் பின்னாலிருக்கும் ஏழாம் நம்பர் ஹைட்ரன்ட்டில் தினமும் 5.50-க்குப் பத்து நிமிஷம். ரிஜிஸ்டரில் பொய்க் கையெழுத்து. தோண்டின பள்ளம் என்னால். சார் முகம் பள்ளத்தில் விழுந்த அன்று இருந்தது போல ஆனது.

"இருபத்தாறு வருசம் உம்ம நம்பித்தான கேட்டத் தொறந்து போட்டோம்? இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும். அப்புறம் பெட்டியக் கட்டும்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை.

மே 23, வெள்ளி

இன்ஸ்பெக்‌ஷன் பாஸ். மேடம் சொந்தப் பொறுப்பில் புது ஹோஸ் வரவழைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை தீயைப் பற்றி அதிகாரி எழுதிக்கொண்டார். பழைய ஆறாவது ஹோஸில் காய்ந்திருந்த இலை என்ன என்று கேட்டார். "பூசணி சார்" என்றேன். மேலே கேட்கவில்லை.

மே 24, சனி

வடிவு சாமான் கட்டத் தொடங்கிவிட்டாள். மேடம் டைரியை வாங்கிப் போய் மாலையில் கொடுத்தார்கள். கடைசிப் பக்கத்தில் சிவப்பு மை:

"அண்ணாச்சி, நீங்கள் எழுந்தது 5.45, பம்ப் ஓடியது 5.50. ஹோஸ் குறைவது எனக்கு 12-ஆம் தேதியே தெரியும், போன இடம் 17-ஆம் தேதி டைரியைப் படித்ததும் தெரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தால் டைரியிலாவது மறைத்திருக்க வேண்டும். நீங்களே கொண்டுவந்து வைப்பீர்கள் என்று காத்திருந்தேன். அது என் தப்பு. ஒரு ஹோஸ் குறைகிறது என்று தெரிந்த பிறகு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. இதை மேனேஜரிடமும் சொல்லிவிட்டேன், என்னையும் சேர்த்து நடவடிக்கை எடுங்கள் என்று எழுதியே கொடுத்துவிட்டேன். அவர் யோசிக்கிறார்."

மூன்று தடவை படித்தேன். வடிவிடம் வாசித்துக் காட்டினேன். கட்டின சாமானைப் பிரிக்காமல் அதன்மேலேயே உட்கார்ந்து அழுதாள்.

மே 31, சனி

எக்ஸ்டென்ஷன் ஒரு வருஷம். ரெண்டு கேட்டேன், ஒன்று கிடைத்தது. மற்றொன்று தவளைக்காகப் பிடித்தது என்று முப்புடாதி சொல்கிறான். தோண்டின பள்ளம் முழுவதையும் என் கையாலேயே மூட வேண்டும் என்பது நிபந்தனை. பாதி மூடியாயிற்று.

இனி ஹோஸ் பொறுப்பு என்னுடையது. மேடம் புது உத்தரவு ஒன்று ஒட்டியிருக்கிறார்கள்: எல்லா ஹைட்ரன்ட்டையும் வாரம் ஒருமுறை திறந்து சோதித்து, ரிஜிஸ்டரில் நேரத்தோடு எழுத வேண்டும். ஏழாம் நம்பருக்குச் சனிக்கிழமை, காலை 5.50.

"தண்ணிய எந்தப் பக்கம் விடணும் மேடம்?" என்று கேட்டேன்.

"எந்தப் பக்கம்னு ரூல்ல எழுதல அண்ணாச்சி. வால்வை மட்டும் மெதுவாத் தொறங்க."

வீட்டுக்கு வந்து வடிவிடம் சொன்னேன். வெட்டுப்பட்ட கொடியில் புதுத் துளிர் வந்ததைக் காட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"வாரத்துக்கு ஒரு தடவதானா? பூசணிக்கு எப்பிடிங்க பத்தும்?"

ஹோஸ்: ஆறு. எண்ணிப் பார்த்து எழுதியது.